பிரணவமும் கத்தரிக்காயும்

போன மார்கழியில் ஒரு நாள் சங்கீத சபை ஒன்றுக்குக் கச்சேரி கேட்கப் போயிருந்தேன். ஆறரை மணிக்குக் கச்சேரி. அரை மணி முன்னதாகப் போனால் மூன்றாவது வரிசையில் நல்ல இடம் கிடைக்கும் என்பது என் நெடுநாளைய அனுபவம். அன்றைக்கும் இடம் கிடைத்தது. கூடவே ஒரு தண்டனையும் கிடைத்தது. கச்சேரிக்கு முன்னால் அரை மணி நேரம் நாதத்தையும் விஞ்ஞானத்தையும் பற்றி ஒரு சொற்பொழிவை, முன்கூட்டி யாரிடமும் சொல்லாமல் சேர்த்துவிட்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தவன் நடுவில் எழுந்து போவது அநாகரிகம். ஆகவே உட்கார்ந்திருந்தேன்.

பிரசங்கி நல்ல குரல் வளம் உள்ளவர். அவருக்குப் பின்னால் வெள்ளைத் திரை. விளக்குகளை அணைத்தார்கள். திரையில் வட்டமான ஒரு தட்டு. அதன்மேல் தூவிய மணல். எங்கிருந்தோ ‘ஓம்’ என்ற ஒலி கார்வையுடன் எழுந்தது. மணல் துள்ளிற்று, ஓடிற்று, தானாகவே வளையம் வளையமாகக் கூடிக் கோலம் போட்டுக்கொண்டு நின்றது. அந்தக் கோலத்தின்மேல் ஸ்ரீசக்கரத்தின் படம் ஒன்று மெள்ள வந்து படிந்தது. “பார்த்தீர்களா! பிரணவத்தின் உருவம் இதுதான். நம் முன்னோர்கள் ஞானக் கண்ணால் கண்டதை இன்றைக்கு மேல்நாட்டான் மணலைத் தூவிக் கண்டுபிடித்திருக்கிறான்!” என்றார் பிரசங்கி. மண்டபம் அதிரக் கைதட்டல். என் பக்கத்தில் இருந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அந்தச் சமயம் பார்த்து மேடையின் ஓரத்திலிருந்து ‘தொம்’ என்று ஒரு சத்தம் வந்தது. மிருதங்க வித்துவான் இருட்டில் உட்கார்ந்து, ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, தொப்பியில் அப்பி, சரியாக இருக்கிறதா என்று ஒரே ஒரு தட்டுத் தட்டிப் பார்த்திருக்கிறார். பிரசங்கி அந்தப் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். வித்துவான் உள்ளங்கையைத் தோலின்மேல் வைத்து ஒலியை அடக்கிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். இந்தச் சிறு சம்பவத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு தேவைப்படும்.

கடைசியில், “யாருக்காவது சந்தேகம் உண்டா?” என்று பிரசங்கி கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. நான் எழுந்தேன்.

“ஸார், ஒரே ஒரு சந்தேகம். இதே தட்டில், இதே மணலில், இதே சுருதியில் ஒருவர் ‘கத்தரிக்காய்’ என்று இழுத்துச் சொன்னால் என்ன கோலம் விழும்?”

சபை சிரித்தது. பிரசங்கி சிரிக்கவில்லை. “நம்பிக்கை இல்லாதவர்களுக்குப் பதில் சொல்ல நான் இங்கே வரவில்லை” என்றார். முன்னைவிடப் பலத்த கைதட்டல். காரியதரிசி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் உட்கார்ந்தேன். இடைவேளையில் பழைய நண்பர் ஒருவர் காப்பிக் கோப்பையும் கையுமாக வந்து, “நீர் எப்போது ஐயா கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டீர்?” என்று விசாரித்தார்.

நான் காலையில் குளித்தவுடன் நெற்றியில் விபூதி இட்டுக்கொள்ளுகிறவன். கோயிலுக்குப் போகிறவன். ஓங்காரத்தைக் கேலி செய்வது என் நோக்கமாக இருந்தால் வீட்டிலேயே என்னைச் சும்மா விடமாட்டார்கள். கத்தரிக்காயை நான் கேலிக்காகவும் சொல்லவில்லை. அதில் ஒரு நெடிலான ‘கா’ இருக்கிறது. சுருதி பிசகாமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இழுக்கலாம். பரிசோதனைக்கு உகந்த சொல். நியாயமான கேள்வி அது. அதற்குப் பதில் வராததுதான் என்னை இந்தக் கட்டுரை எழுதத் தூண்டியது.

கல்லூரியில் பௌதிகம் படிக்கும் என் தங்கை மகளிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் எனக்காகப் பரிதாபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். “மாமா, கேள்வி கேட்டீர்கள், சரி. செய்து பார்த்தீர்களா?” என்று கேட்டாள். நான் செய்து பார்க்கவில்லை. பிரசங்கியும் செய்து பார்க்கவில்லை, நானும் செய்து பார்க்கவில்லை என்றால் எங்கள் இருவருக்கும் என்ன வித்தியாசம்? அடுத்த ஞாயிற்றுக்கிழமையே காரியத்தில் இறங்கினோம்.

பாத்திரக் கடையில் சதுரமான பித்தளைத் தகடு ஒன்று வாங்கி, நடுவில் துளை போட்டு, ஒரு மரக்கட்டையில் திருகாணியால் முடுக்கினோம். தகட்டின்மேல் பொடி உப்பைத் தூவினோம். அவள் சிறு வயதில் கற்றுக்கொண்டு கைவிட்ட வயலினின் வில்லை எடுத்து, குங்கிலியம் தடவி, தகட்டின் விளிம்பில் மேலிருந்து கீழாக இழுத்தாள். முதலில் பல் கூசுகிற கிறீச்சொலிதான் வந்தது. நாலைந்து முறைக்குப் பிறகு தகடு கணீரென்று பாடிற்று. உப்பு உயிர் வந்ததுபோல் ஓடி, மூலைக்கு மூலை கோடு கிழித்துக்கொண்டு நின்றது. விளிம்பில் வேறோர் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு இழுத்தாள். குரல் மாறிற்று, கோலமும் மாறிற்று. பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கும் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்போல்தான் இருந்தது. உண்மையான ஆச்சரியம் அது.

பிறகு வாய்ப்பாட்டு. இரண்டு பக்கமும் வெட்டிய ஒரு தகர டப்பாவின் வாயில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டி, அதன்மேல் உப்பைத் தூவி, கீழ்ப்பக்கம் ஒரு குழாயைச் செருகிக்கொண்டோம். சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு நான் குழாயில் ‘ஓம்’ என்றேன். ஒரு குறிப்பிட்ட சுருதியில் உப்பு வளையம் கட்டிற்று. சுருதியை மாற்றாமல் ‘கத்தரிக்கா...’ என்று இழுத்தேன். அதே வளையம்! உயிரெழுத்து மாறும்போது குரலில் அனுசுவரங்களின் கலப்பு மாறுகிறதல்லவா? அதனால் ஓரம் கொஞ்சம் கலங்கிற்று, அவ்வளவுதான். ஆனால் அதே ‘ஓம்’ என்ற சொல்லைச் சுருதியை ஏற்றிச் சொன்னபோது வளையம் கலைந்து, வேறொரு வடிவம் வந்தது. வடிவம் சுருதியைப் பின்பற்றிச் சென்றது, சொல்லைப் பின்பற்றவில்லை. என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “கத்தரிக்காய் வேண்டுமானால் வாங்கி வரவேண்டியதுதானே, அதற்கு ஏன் ஜபம்?” என்றாள்.

இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. தகடு அதிரும்போது அதன் எல்லா இடமும் ஒன்றுபோல் அசைவதில்லை. ஒரு பகுதி மேலே எழும்பும்போது பக்கத்துப் பகுதி கீழே தாழும். இரண்டுக்கும் நடுவில், மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் ஒரு கோடு அசையாமல் நிற்கும். கரும்பில் கணு இருப்பதுபோல் அதிர்விலும் கணு உண்டு. அசைகிற இடத்தில் விழுந்த மணல் உதைபட்டு உதைபட்டு, கடைசியில் உதை இல்லாத அந்தக் கணுக்களில் போய்ச் சேருகிறது. ஆகவே மணல் எழுதிக் காட்டுவது நாதத்தின் உருவத்தை அல்ல. தகட்டில் எந்த இடம் சும்மா இருக்கிறது என்பதைத்தான். தகடு சதுரமா, வட்டமா, எவ்வளவு கனம், எங்கே பிடித்திருக்கிறது, எந்த அதிர்வெண்ணில் அதிருகிறது என்பவையே அதைத் தீர்மானிக்கின்றன. சீராக இழுத்துக் கட்டிய வட்டமான தோலின் அடிப்படைக் கோலங்களில் வளையங்களும் மையத்தின் வழியாகப் போகும் நேர்கோடுகளுமே உண்டு. ஒன்றோடொன்று பின்னிய ஒன்பது முக்கோணங்களைக் கொண்ட ஸ்ரீசக்கரம் அதில் எங்கிருந்து வரும்? திரையில் அது மணலிலிருந்து எழவில்லை. மேலே ஒட்டப்பட்டது.

இன்னொன்றும் கேளுங்கள். 1831ல் இங்கிலாந்தில் மைக்கேல் பாரடே மணலுக்குப் பதிலாக மிக நுண்ணிய பொடியைத் தூவி ஆராய்ந்தார். பொடி கணுக்களுக்குப் போகவில்லை. நேர்மாறாக, மிக அதிகமாக அதிருகிற இடங்களில் போய்க் குவிந்தது. அதிருகிற தகடு தன்மேல் உள்ள காற்றைச் சுழல வைக்கிறது, கனமற்ற பொடி அந்தக் காற்றோடு போகிறது என்று பாரடே காரணம் கண்டார். காற்றை நீக்கிவிட்டால் பொடியும் மணலைப்போலவே கணுக்களை நோக்கி நகரும் என்றும் காட்டினார். ஒரே தட்டு, ஒரே ஒலி. மணல் ஒரு படம் வரைகிறது, பொடி அதற்கு நேர் எதிரான படத்தை வரைகிறது. இரண்டில் எது பிரணவத்தின் திருவுருவம்? மணலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறவர்கள் பொடியையும் விசாரிக்க வேண்டாமா?

மணலில் கோலம் தோன்றுவது இன்று நேற்றுக் கண்ட செய்தியும் அல்ல. பித்தளைத் தகட்டை உளியால் சுரண்டியபோது கிறீச்சென்ற ஒலியோடு தூள்கள் வரிவரியாக நிற்பதைக் கண்டதாகக் கலிலியோ 1638ல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். 1680ல் ராபர்ட் ஹூக் கண்ணாடித் தகட்டில் மாவைத் தூவி, விளிம்பில் வில்லை இழுத்துப் பார்த்தார். ஆனால் இதை ஒரு சாஸ்திரமாக ஆக்கியவர் ஜெர்மனியில் விட்டன்பர்க் நகரத்தில் 1756ல் பிறந்த எர்ன்ஸ்ட் க்ளாட்னி. தகப்பனார் சட்டப் பேராசிரியர்; பிள்ளையையும் சட்டம் படிக்க வைத்தார். 1782ல் பிள்ளை பட்டம் வாங்கினார். அதே ஆண்டு தகப்பனார் காலமானார். க்ளாட்னி சட்டப் புத்தகங்களை மூடிவிட்டு வயலின் வில்லைக் கையில் எடுத்தார். 1787ல் மணற் கோலங்களின் படங்களோடு ஒலியைப் பற்றிய தம் முதல் நூலை வெளியிட்டார். சர்வகலாசாலைப் பதவி எதுவும் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. தகடுகளையும் தாமே செய்த வாத்தியங்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஐரோப்பா முழுவதும் ஊர் ஊராகப் போய்க் காட்டிப் பிழைத்தார்.

1809ல் பாரிஸில் நெப்போலியன் முன்னிலையில் இந்த வித்தையைக் காட்டினார். சக்கரவர்த்தி கைதட்டியதோடு நிற்கவில்லை. இந்தக் கோலங்களுக்குக் கணித விளக்கம் தருகிறவருக்கு 3000 பிராங்க் பரிசு என்று பிரெஞ்சு அறிஞர் சபை அறிவித்தது. பெரிய பெரிய கணித மேதைகள் தயங்கி ஒதுங்கிய காரியத்தில் ஒரு பெண்மணி இறங்கினார். அவர் ஸோஃபி ஜெர்மேன். பெண் என்பதால் கல்லூரியில் சேர்க்க மறுக்கப்பட்டவர். ஆண் பெயரை வைத்துக்கொண்டு கணித மேதைகளுக்குக் கடிதம் எழுதி எழுதிப் படித்தவர். 1811ல் அவர் அனுப்பிய விளக்கத்தில் தவறு இருந்தது. பரிசு இல்லை. 1813ல் திருத்தி அனுப்பினார். பாராட்டு மட்டும் கிடைத்தது. 1815ல் மூன்றாம் முறை அனுப்பினார். 1816 ஜனவரியில் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அப்போதும் அது முற்றுப் பெற்ற விடை அல்ல. தகட்டின் விளிம்பைப் பற்றிய கணக்கைச் சரியாக முடித்து வைக்க 1850ல் கிர்க்காஃப் வர வேண்டியிருந்தது.

ஒரு பிடி மணலின் முன்னால் மனிதர்கள் இப்படி நின்றிருக்கிறார்கள். தவறினார்கள், தவறை ஒப்புக்கொண்டார்கள், மறுபடி முயன்றார்கள். 1787லிருந்து 1850 வரை அறுபத்து மூன்று வருஷங்கள். நம் பிரசங்கியோ அரை மணியில் முடித்துவிட்டார். பக்தி என்று நான் எதைச் சொல்லட்டும்?

இந்த இடத்தில் என் காப்பிக் கோப்பை நண்பர் குறுக்கிடுவார். “விஞ்ஞானிகளுக்கு எதையும் கேலி செய்வதுதான் வழக்கம். பிறகு அதையே ஒப்புக்கொள்வார்கள்” என்பார். உண்மைதான். அதற்கு உதாரணமும் க்ளாட்னிதான். ஆகாயத்திலிருந்து கல் விழுகிறது, அது பூமிக்கு வெளியிலிருந்து வருகிறது என்று 1794ல் அவர் ஒரு நூல் எழுதினார். படித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் க்ளாட்னி என்ன செய்தார்? “நம்பிக்கை இல்லாதவர்களுக்குப் பதில் சொல்ல நான் வரவில்லை” என்று சொல்லவில்லை. கல் விழுந்ததைப் பார்த்ததாகச் சொன்னவர்களின் வாக்குமூலங்களை, சட்டம் படித்தவர் அல்லவா, ஒன்றோடொன்று ஒப்பிட்டு வைத்தார். 1803ல் பிரான்ஸில் லேக்ள் என்ற ஊரில் ஆயிரக்கணக்கான கற்கள் விழுந்தன. பியோ என்ற விஞ்ஞானி நேரில் போய் விசாரித்து அறிக்கை கொடுத்தார். சிரித்தவர்களின் வாய் மூடிற்று. கேலிக்கு ஆளானதால் க்ளாட்னி சொன்னது உண்மையாகிவிடவில்லை. சோதனைக்கு ஈடு கொடுத்ததால் உண்மை ஆயிற்று. கேலிக்கு ஆளாவது மட்டும் போதுமென்றால் எங்கள் தெருக்கோடி ஜோசியர் எப்போதோ விஞ்ஞானி ஆகியிருப்பார்.

“ஸ்விட்சர்லாந்து டாக்டரே சொல்லியிருக்கிறாரே!” என்பது அடுத்த வாதம். இவர்கள் குறிப்பிடுவது ஹான்ஸ் ஜென்னி என்ற மருத்துவரை. அதிர்வுகள் மணலிலும் குழம்பிலும் திரவங்களிலும் உண்டாக்கும் வடிவங்களை மிக அழகாகப் படம் பிடித்து 1967ல் ஒரு நூல் வெளியிட்டார். இந்தத் துறைக்கு ‘சைமாட்டிக்ஸ்’ என்று பெயர் வைத்தவரும் அவரே. அவர் 1972ல் மறைந்தார். அந்தப் படங்கள் அழகானவை என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர் பெயரை முத்திரையாகக் குத்தி, ‘ஓம் சொன்னால் ஸ்ரீசக்கரம் வரும்’ என்று ஊரெல்லாம் விநியோகம் செய்வதுதான் ஆட்சேபம். காலமெல்லாம் ஓதி வந்த ஒரு மந்திரத்துக்கு மேல்நாட்டு டாக்டரிடம் தகுதிச் சான்றிதழ் வாங்கிக் கொடுப்பவர்கள், தாங்கள் அதைப் பெருமைப்படுத்துவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாளைக்கு அந்தச் சான்றிதழ் செல்லாது என்று ஒரு பையன் பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் கண்டுகொண்டால் என்ன ஆகும்? அவன் சான்றிதழை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டு நின்றுவிடமாட்டான். மந்திரத்தையும் சேர்த்துத்தான் எறிவான். தாத்தா பாட்டி வைத்துவிட்டுப்போன நம்பிக்கை கருங்கல்லில் நின்றது. அதைத் தூக்கி மணல்மேல் வைப்பது நாத்திகர்கள் செய்கிற வேலை அல்ல; இவர்கள் செய்கிற வேலை.

“போகட்டும், சின்னப் பொய்தானே. கேட்டவர்கள் சந்தோஷமாகத்தானே வீட்டுக்குப் போனார்கள்? யாருக்கு என்ன நஷ்டம்?” என்று கேட்பவர்கள் உண்டு. நஷ்டப்பட்டவர்கள் உண்டு. அவர்களைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். மேடை ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்ட மிருதங்க வித்துவானை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

சாதாரணமாக ஒரு வட்டத் தோலை இழுத்துக் கட்டி அடித்தால் அதில் பிறக்கும் அனுசுவரங்கள் ஒன்றோடொன்று இசைவதில்லை. ஆதார ஒலியை ஒன்று என்று வைத்துக்கொண்டால் மற்றவை 1.59, 2.14, 2.30 என்று கோணல்மாணலாகப் போகும். அதனால்தான் பெரும்பாலான தோற்கருவிகளில் ஓசை உண்டு, தெளிவான சுருதி இல்லை. தந்தி வாத்தியத்தில் 1, 2, 3, 4, 5 என்று முழு மடங்குகளாக அனுசுவரங்கள் பிறப்பதால் காதுக்கு இனிமையாக இருக்கிறது. மிருதங்கத்தின் வலந்தலை மட்டும் தோலாக இருந்துகொண்டே தந்தியைப்போல் பாடுகிறதே, எப்படி? இந்தக் கேள்வியைக் கேட்டவர் சர் சி. வி. ராமன், திருச்சிராப்பள்ளிக்காரர். 1920ல் கல்கத்தாவிலிருந்து சிவகாளி குமார் என்பவருடன் சேர்ந்து ‘நேச்சர்’ பத்திரிகையில் இதைப் பற்றி எழுதினார். நோபல் பரிசு பெற்றுப் பெங்களூருக்கு வந்த பிறகும் கேள்வியை விடவில்லை. 1934ல் விரிவான கட்டுரை ஒன்று வெளியிட்டார். அதற்கு அவர் எதைத் துணையாகக் கொண்டார் தெரியுமா? மணலைத்தான்! வாத்தியத்தின் தோலின்மேல் நுண்மணலைத் தூவி, தட்டி, விழுந்த கோலங்களைப் படம் பிடித்தார்.

விடை வலந்தலையின் நடுவே உள்ள கரிய வட்டத்தில் இருந்தது. சோறு என்றும் கரணை என்றும் சொல்கிறார்களே, அதுதான். குழைந்த சோற்றோடு கருங்கல் பொடியைச் சேர்த்துப் பிசைந்து, ஒரு பூச்சின்மேல் ஒரு பூச்சாக அப்பி, ஒவ்வொரு பூச்சையும் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து உருவாக்குகிறார்கள். அந்தப் பாரம் தோலின் நடுவில் அமர்ந்ததும் அனுசுவரங்கள் இடம் மாறுகின்றன. 1.59ல் இருந்தது 2க்கு வந்து நிற்கிறது. ஒன்பது வகை அதிர்வுகள், தனித்தனியே சிதறிக் கிடக்க வேண்டியவை, ஐந்தே சுருதிகளில் வந்து கூடுகின்றன என்று ராமன் காட்டினார். முதல் இரண்டு சுருதிகளுக்கு ஒவ்வொரு கோலம், அடுத்த இரண்டுக்கு இரண்டிரண்டு, ஐந்தாவதற்கு மூன்று. வித்துவான் மோதிர விரலைத் தோலில் லேசாகப் படிய வைத்துக்கொண்டு ஆள்காட்டி விரலால் ‘நம்’ என்று அடிக்கிறாரே, அப்போது அந்த விரல் கணுக்கோடு எங்கே விழ வேண்டும் என்று தோலுக்குச் சொல்லுகிறது. க்ளாட்னி தகட்டின் விளிம்பில் விரல் வைத்துச் செய்ததும், என் மருமாள் பித்தளைத் தகட்டில் செய்ததும் அதேதான்.

இது ஒட்டுப் படம் அல்ல. அச்சில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் மணல் தூவிச் சரி பார்க்கலாம். ‘நம் முன்னோர்கள் நாதத்தை அறிந்திருந்தார்கள்’ என்று மார் தட்டிச் சொல்ல இதைவிடப் பெரிய அத்தாட்சி வேறு வேண்டுமா? பிரசங்கியிடமிருந்து பத்தடி தூரத்தில், இருட்டில், அந்த அத்தாட்சி துணி உறையைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அது ஒரு முறை வாய் திறந்து பேசவும் பேசிற்று. அவர் அதை முறைத்து அடக்கினார்.

ஏன் இந்த அத்தாட்சி அவர் கண்ணில் படவில்லை என்று நான் யோசித்துப் பார்த்தேன். கிடைத்த விடை எனக்குச் சந்தோஷம் தரவில்லை. ஞானக் கண்ணால் கண்டது என்றால் அந்த முன்னோர் யார் என்று சொல்லவேண்டியதில்லை. தாடியும் தண்டமுமாக ஒரு படம் வரைந்துவிடலாம். மிருதங்கத்தின் ஞானத்தைக் கண்டவர்கள் யார் என்று கேட்டால், ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் ஊறவைத்து, மயிர் களைந்து, எருமைத்தோலை வாராக அறுத்து, நாற்றத்தையும் சுண்ணாம்பையும் கையில் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைச் சொல்லியாக வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தினர். பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்து அவர்களில் ஒருவர். டி. எம். கிருஷ்ணா 2020ல் ‘செபாஸ்டியன் அண்ட் ஸன்ஸ்’ என்று ஒரு முழுப் புத்தகமே அந்தக் குடும்பங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அது வெளிவரும்வரை, ஐம்பது வருஷம் கச்சேரி கேட்ட எனக்கு, வாசித்தவர்களின் பெயர் எல்லாம் தெரியும். செய்தவர்களில் ஒருவர் பெயர்கூடத் தெரியாது. வெட்கத்தோடுதான் இதை ஒப்புக்கொள்கிறேன்.

அவர்கள் அதிர்வெண்ணைக் கணக்கிட்டதில்லை. ஸோஃபி ஜெர்மேனின் சமன்பாடு அவர்களுக்குத் தெரியாது. ஆனால் இன்னும் ஒரு பூச்சுக் கூடினால் நாதம் செத்துவிடும், ஒரு பூச்சுக் குறைந்தால் சுருதி சேராது என்பது அவர்கள் விரல் நுனிக்குத் தெரியும். தலைமுறை தலைமுறையாக அப்பி, தட்டி, கேட்டு, சுரண்டி எடுத்து, மறுபடி அப்பிக் கண்ட அறிவு அது. தவறி, ஒப்புக்கொண்டு, மறுபடி முயல்வதற்குப் பெயர்தான் பரிசோதனை என்றால், அவர்களைக்காட்டிலும் பெரிய பரிசோதகர்களை இந்த நாட்டில் நான் எங்கே போய்த் தேடுவேன்? அந்த அறிவுக்குச் சேர வேண்டிய கைதட்டலைத்தான் அன்று மாலை ஓர் ஒட்டுப் படம் தட்டிக்கொண்டு போயிற்று. ‘யாருக்கு என்ன நஷ்டம்?’ என்று கேட்டவர்களுக்கு என் பதில் இது.

பிரணவத்தைச் சொல்லுகிறவர்கள் சொல்லட்டும். நானும் சொல்லுகிறேன். அது மனத்துக்குத் தருகிற அமைதிக்கு மணல் சாட்சி சொல்ல வேண்டாம். மணலுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: எங்கே அசைகிறது, எங்கே அசையவில்லை. அந்த ஒன்றை அது பொய் கலக்காமல் சொல்லுகிறது. அதன் வாயில் நாம் வார்த்தையைத் திணிக்காமல் இருந்தால் போதும்.

காரியதரிசி அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற மார்கழியிலும் கச்சேரிக்கு முன்னால் அரை மணி நேரம் மீதம் இருந்தால், மிருதங்கம் செய்கிற ஒருவரை அழைத்து மேடையின் நடுவில், விளக்கு வெளிச்சத்தில், உட்கார வையுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் குழைந்த சோறு, கொஞ்சம் கல் பொடி, ஒரு பிடி மணல் இருக்கட்டும். கரணை போடாத தோலில் ஒரு தட்டு, போட்ட தோலில் ஒரு தட்டு, அவ்வளவு போதும். நான் ஐந்தரை மணிக்கே வந்து முன்வரிசையில் உட்காருகிறேன். ‘யாருக்காவது சந்தேகம் உண்டா?’ என்று கேட்டாலும், கத்தரிக்காயைப் பற்றி வாய் திறக்கமாட்டேன். இது சத்தியம்.